அணு ஆயுதங்களை உலகெங்கும் ஒழிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு ஆயுத ஒழிப்பு என்று பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் எழும். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, உண்மையான சந்தேகத்தோடு கேட்கப்படுபவை. அவற்றுக்கான பதில்கள் இங்கே. எழுதியவர் நடுநிலையாளர் இல்லை. இந்த ஆயுதங்கள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று நினைப்பவர். அதனாலேயே எதிர்வாதங்களில் வலுவானவற்றைத் தவிர்க்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று உலகில் எத்தனை அணு ஆயுதங்கள் இருக்கின்றன? யாரிடம்?

ஒன்பது நாடுகளிடம்: அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025 ஜனவரியில் மொத்தம் சுமார் 12,240. இதில் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும்தான். ஏறக்குறைய 2,100 குண்டுகள் ஏவுகணைகளில் பொருத்தப்பட்டு, உத்தரவு வந்த சில நிமிடங்களில் கிளம்பும் நிலையில் இருக்கின்றன.

1980-களின் நடுவில் இந்த எண்ணிக்கை 70,000 வரை போனது. அங்கிருந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவும் ஒரு குண்டுதானே? மற்ற குண்டுகளிலிருந்து அப்படி என்ன வேறுபாடு?

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஹிரோஷிமாவில் வெடித்தது சுமார் 15,000 டன் டி.என்.டி.க்குச் சமமான ஒரே ஒரு குண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். மூன்று நாள் கழித்து நாகசாகியில் போட்டதில் ஏறத்தாழ 70,000 பேர். ஆகஸ்ட் 9 அன்று விமானம் முதலில் குறிவைத்துப் போனது கோகுரா நகரத்தை. அங்கே இலக்கு கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் நாகசாகிக்குத் திரும்பியது. எந்த ஊர் அழியும் என்பதை வானத்தின் மூட்டம் முடிவு செய்தது.

சாவு எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஹிரோஷிமாவில் இருந்த மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பெரும்பாலோர் அந்தக் கணத்திலேயே இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் பக்கத்து ஊரிலிருந்து உதவி வரும். இங்கே உதவிக்கு வருபவர் நுழையும் இடமே கதிர்வீச்சு உள்ள இடம். மேலே காயமே இல்லாதவர்கள் சில வாரங்களில் முடி கொட்டி, ரத்தம் கசிந்து இறந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, பிழைத்தவர்களிடையே ரத்தப் புற்றுநோய் கூடியது. ஒரு நகரத்தின் மீது அணுகுண்டு விழுந்தால் உருப்படியான மீட்புப் பணி செய்யும் திறன் உலகில் எந்த அமைப்பிடமும் இல்லை என்பதைச் செஞ்சிலுவைச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது.

இன்று ஏவுகணைகளில் இருக்கும் குண்டுகள் பலவும் ஹிரோஷிமா குண்டைப் போலப் பல மடங்கு வலிமை கொண்டவை.

இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டால், தொலைவில் இருக்கும் மற்றவர்களுக்கு என்ன?

நகரங்கள் எரியும்போது எழும் கரி, மழை பெய்யும் உயரத்துக்கும் மேலே போய் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் என்பதுதான் விஞ்ஞானிகளின் அச்சம். மழை அதைக் கழுவாது. சூரிய ஒளி குறையும், வெப்பம் குறையும், விளைச்சல் சரியும். ரட்கர்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் தலைமையில் 2022-இல் வெளியான ஆய்வு இதைப் பயிர் வாரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அணு ஆயுதப் போரில் இறங்கினால் உலகம் முழுவதும் 200 கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டினியால் சாகக்கூடும். அமெரிக்காவும் ரஷ்யாவும் மோதினால் 500 கோடிக்கு மேல். எவ்வளவு கரி எழும் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மாறும், அதில் விவாதமும் உண்டு. ஆனால் இதில் பத்தில் ஒரு பங்கு நடந்தாலும், அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத நாடுகளின் மக்கள்தான் அதிகம் சாவார்கள். ஆகவே அணு ஆயுதத்தை அதை வைத்திருக்கும் நாட்டின் சொந்த விஷயமாகப் பார்க்க நியாயமே இல்லை.

அணு ஆயுதம் இருந்ததால்தானே 1945-க்குப் பிறகு உலகப்போர் வரவில்லை?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. 'நீ அடித்தால் நானும் அழிப்பேன்' என்ற பயத்தில் இருவரும் அடங்கியிருப்பார்கள் என்பது வாதம். முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். சில சமயங்களில் அந்தப் பயம் தலைவர்களை நிதானிக்க வைத்திருக்கலாம். ஆனால் அமைதி நீடித்ததற்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்க யாராலும் முடிந்ததில்லை. ஐ.நா., வணிகத் தொடர்புகள், இரண்டு உலகப்போர்கள் தந்த களைப்பு எல்லாமே அதே காலத்தில் இருந்தவை.

அப்புறம், அந்தப் பயம் வேலை செய்யாத இடங்களும் உண்டு. இஸ்ரேலிடம் அணுகுண்டு இருப்பதாக நம்பப்பட்ட நிலையிலேயே 1973-இல் எகிப்தும் சிரியாவும் அதன் படைகளைத் தாக்கின. பிரிட்டனிடம் இருந்தது, 1982-இல் அர்ஜென்டினா போய் ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1998 மே மாதம் குண்டு வெடித்துக் காட்டின. அடுத்த ஆண்டே கார்கிலில் போர்.

இதெல்லாம் ஒரு பக்கம். உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஏற்பாடு பலன் தர வேண்டுமானால், ஒவ்வொரு நாளும், ஒன்பது நாடுகளிலும், எல்லா இயந்திரங்களும் எல்லா மனிதர்களும் பிழையே செய்யக்கூடாது. நடந்ததைப் பாருங்கள்.

1962 அக்டோபர் 27. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த நெருக்கடியின் உச்சம். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே அணுகுண்டு பொருத்திய டார்பீடோ இருப்பது அவர்களுக்குத் தெரியாது. போர் தொடங்கிவிட்டது என்று நினைத்த கேப்டன் அதை ஏவத் தயாரானார். கப்பலில் இருந்த மூத்த அதிகாரி வசிலி ஆர்கிபோவ் அவரைச் சமாதானப்படுத்தித் தடுத்தார்.

1979 நவம்பர் 9. அமெரிக்க வான் பாதுகாப்பு மையத்தின் திரைகளில் சோவியத் ஏவுகணைகள் கூட்டமாக வருவது தெரிந்தது. பயிற்சிக்கான பதிவு ஒன்று தவறுதலாக நிஜக் கணினியில் ஓடியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் மீண்டும் அதே போன்ற எச்சரிக்கை, காரணம் பழுதான ஒரு சிறு சில்லு.

1983 செப்டம்பர் 26. கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தி மூன்றரை வாரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகச் சோவியத் செயற்கைக்கோள் சொன்னது. பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், 'தாக்குவதென்றால் ஐந்தை மட்டுமா அனுப்புவார்கள்?' என்று யோசித்து, இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். மேகங்களின் மீது பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று காட்டியிருந்தது.

1995 ஜனவரி 25. பனிப்போர் முடிந்துவிட்டது, எல்லாரும் நண்பர்கள். வடதுருவ ஒளியை ஆராய நார்வேயிலிருந்து ஏவிய ராக்கெட்டை, நீர்மூழ்கியிலிருந்து வந்த ஏவுகணையோ என்று ரஷ்ய ரேடார் சந்தேகித்தது. அணு ஆயுதங்களை ஏவ உத்தரவிடுவதற்கான பெட்டி அதிபர் யெல்ட்சின் முன்னால் திறக்கப்பட்டது. ராக்கெட் விடப்போவதை நார்வே முன்கூட்டியே தெரிவித்திருந்தது. அந்தத் தகவல் உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இந்த நாள்களில் நம்மைக் காப்பாற்றியது அணு ஆயுதக் கோட்பாடு இல்லை. அந்தக் கோட்பாட்டின்படி நடக்காமல், சந்தேகப்பட்டுத் தயங்கிய மனிதர்கள்தான். பெத்ரோவின் நாற்காலியில் அன்று வேறொருவர் இருந்திருந்தால்?

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அணு ஆயுதப் போர் மூளும் வாய்ப்பு ஓர் ஆண்டில் நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். குறைவாகத் தெரிகிறது. ஆனால் நூறு ஆண்டுகள் அப்படியே போனால், தப்பிப்பதற்கான வாய்ப்பு 37 சதவீதம்தான். ஆயுதங்கள் இருக்கும் வரை இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எண்பது ஆண்டுகள் தப்பித்துவிட்டோம் என்பது எண்பத்தொன்றாவது ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

இதைக் கனவு காண்பவர்கள் மட்டும்தான் சொல்கிறார்களா என்றால், இல்லை. அமெரிக்காவின் அணு ஆயுதப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஜார்ஜ் லீ பட்லர் ஓய்வுபெற்ற பிறகு, 1996-இல் முழு ஒழிப்பு வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார். ஏவும் திட்டங்களை உள்ளிருந்து பார்த்தவர் அவர்.

விபத்துகள் அவ்வளவு எளிதில் நடக்குமா?

1961 ஜனவரியில் அமெரிக்காவின் கோல்ட்ஸ்பரோ அருகே ஒரு பி-52 விமானம் நடுவானில் உடைந்து இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. 1966-இல் ஸ்பெயினின் பலோமாரெஸ் கிராமத்தின் மீது அதே போல விழுந்ததில் புளூட்டோனியம் வயல்களில் சிதறியது. 2007-இல் ஆறு அணு ஆயுத ஏவுகணைகள் தவறுதலாக விமானத்தில் ஏற்றப்பட்டு அமெரிக்காவின் குறுக்கே பறந்தன. ஒன்றரை நாள் வரை அவை காணவில்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து ஓர் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, பாகிஸ்தானும் நிதானம் காத்தது. இரு நாடுகளும் பதற்றத்தில் இருந்த ஒரு வாரத்தில் அது நடந்திருந்தால் எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்டுபிடித்த ஒன்றை மறக்க முடியாதே. அப்புறம் எப்படி ஒழிப்பது?

மறக்கத் தேவையில்லை. கடுகு வாயுவை எப்படித் தயாரிப்பது என்று வேதியியலாளர்களுக்கு இன்றும் தெரியும். ஆனாலும் 1997-இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் கீழ், நாடுகள் கணக்குக் காட்டிய 70,000 டன்னுக்கு மேற்பட்ட நச்சுப் பொருள் முழுவதும் அழிக்கப்பட்டது. கடைசி இருப்பை அமெரிக்கா 2023 ஜூலையில் அழித்தது. சிரியாவில் மீறல் நடந்தது உண்மை. அது கண்டுபிடிக்கப்பட்டது, குற்றமாகப் பார்க்கப்பட்டது. 'எங்கள் பாதுகாப்புக்கு நச்சுவாயு தேவை' என்று இன்று எந்த நாடும் மேடையேறிச் சொல்வதில்லை. அணுகுண்டைப் பற்றி மட்டும் அப்படிப் பெருமையாகச் சொல்ல முடிகிறது.

சரி, எல்லாரும் அழித்த பிறகு யாராவது ஒருவர் பத்துக் குண்டுகளை ஒளித்து வைத்திருந்தால்?

நியாயமான பயம். இதற்குப் பதில் நம்பிக்கை இல்லை, சோதனை.

தென்னாப்பிரிக்கா ரகசியமாக ஆறு அணுகுண்டுகளைச் செய்து, அவற்றைத் தானே கழற்றிப் போட்டது. 1991-இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 மார்ச்சில் அதிபர் டி கிளார்க் இதை வெளியே சொன்னார். சர்வதேச அணுசக்தி முகமை உற்பத்திப் பதிவேடுகளையும் கையிருப்பு யுரேனியத்தையும் ஒப்பிட்டுக் கணக்கைச் சரிபார்த்தது. முழுதாக ஒரு நாடு அணு ஆயுதத்திலிருந்து வெளியே வந்து, வெளியாள் வந்து சரிபார்த்த நிகழ்வு இது.

1987-இல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தர ஏவுகணை ஒப்பந்தத்தில் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. சோவியத் நாட்டின் வோட்கின்ஸ்க் ஆலை வாசலில் அமெரிக்கச் சோதனையாளர்களும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓர் ஆலை வாசலில் சோவியத் சோதனையாளர்களும் குடியிருந்து, வெளியே வரும் பெட்டிகளைப் பார்த்தார்கள், 13 ஆண்டுகள். ஐந்து ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் இரு தரப்பு ராணுவமும் சிரித்திருக்கும். அதே போல, அணு வெடிப்பு எங்கே நடந்தாலும் நில அதிர்வு, கதிர்வீச்சு, ஒலி ஆகியவற்றைக் கொண்டு கண்டுபிடிக்கும் நிலையங்கள் இன்று உலகெங்கும் இருக்கின்றன. 2006-இல் வட கொரியா செய்த மிகச் சிறிய சோதனையைக்கூட அவை பிடித்துவிட்டன.

குண்டு செய்யச் செறிவூட்டிய யுரேனியம் அல்லது புளூட்டோனியம் வேண்டும். அதற்குப் பெரிய ஆலை, மின்சாரம், நூற்றுக்கணக்கான நிபுணர்கள் வேண்டும். ஏற்கெனவே செய்து வைத்த பொருளைக் கணக்கில் காட்டாமல் ஒளிப்பதுதான் உண்மையான ஓட்டை, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பல்லாயிரம் குண்டுகள் செய்த நாடுகளின் பழைய கணக்கில் சிறு பிழை இருந்தாலே அது சில குண்டுகளுக்குப் போதும். ஆனால் இரண்டு நிலைகளையும் ஒப்பிடுங்கள். ஒன்றில், யாரோ ஒருவர் சிலவற்றை ஒளித்திருக்கலாம், பிடிபட்டால் உலகமே எதிர்க்கும். மற்றொன்றில், ஒன்பது பேர் 12,000-ஐ வெளிப்படையாக வைத்துக்கொண்டு, பத்தாவது ஆளுக்கும் ஆசை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது நிலையில்தான் நாம் இப்போது வாழ்கிறோம்.

உக்ரைன் கைவிட்டதால்தானே தாக்கப்பட்டது?

இந்தக் கேள்வி வலிக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 நெடுந்தூர அணு ஆயுதங்கள் இருந்தன. அவற்றை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம் இருந்தது. அவற்றை உக்ரைன் கைவிடுவதற்குப் பதிலாக, 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக எழுதிக் கொடுத்தன. 2014-இலும் 2022-இலும் ரஷ்யா அந்த வாக்கை மீறியது.

உக்ரைனியர் ஏமாற்றப்பட்டதாக உணர்வதில் தவறே இல்லை. ஆனால் இதிலிருந்து எல்லாரும் குண்டு செய்ய வேண்டும் என்ற பாடத்தை எடுத்தால், முப்பது நாற்பது நாடுகளின் கையில் குண்டு வந்து சேரும். 1962-ஐயும் 1983-ஐயும் அத்தனை ஜோடிகளுக்குப் பெருக்கிப் பாருங்கள். இன்னொன்றும் தெரிகிறது: ரஷ்யாவின் அணு ஆயுதம் அமைதி காக்கவில்லை, படையெடுப்புக்குக் கேடயமாக நின்றது. 'தலையிட்டால் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற மிரட்டலுக்கு அதுதான் பயன்பட்டது. ஆயுதத்தைக் கைவிடும் நாட்டுக்குத் தரும் உறுதிமொழி வெறும் காகிதமாக இருக்கக்கூடாது, மீறினால் என்ன ஆகும் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒழிப்புக்காகப் போராடுபவர்கள் இன்னும் நிறைய உழைக்க வேண்டிய இடம் இது.

சட்டம் என்ன சொல்கிறது?

1946 ஜனவரி 24 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய முதல் தீர்மானமே அணு ஆயுத ஒழிப்பைக் கேட்டதுதான். 1970-இல் நடைமுறைக்கு வந்த பரவல் தடை ஒப்பந்தம் ஒரு பேரம்: இல்லாதவர்கள் செய்ய மாட்டோம் என்றார்கள், இருப்பவர்கள் ஆயுதக் குறைப்புக்காக நேர்மையாகப் பேச்சு நடத்துவோம் என்றார்கள். அந்தப் பேச்சை நடத்தி முடிக்கவும் வேண்டும் என்று 1996-இல் சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது. இல்லாதவர்களில் பெரும்பாலோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். இருப்பவர்கள் காப்பாற்றவில்லை.

பொறுத்துப் பார்த்த நாடுகள் 2017 ஜூலை 7 அன்று 122 வாக்குகளோடு அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தன. 2021 ஜனவரி 22 முதல் அது சட்டம். 70-க்கும் மேற்பட்ட நாடுகள் முறைப்படி ஏற்றுள்ளன. ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் என்ன பயன் என்று கேட்கலாம். ஆயுதம் வைத்திருப்பதைப் பெருமை என்ற இடத்திலிருந்து குற்றம் என்ற இடத்துக்கு நகர்த்துவதுதான் பயன். கண்ணிவெடித் தடைக்கும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா கையெழுத்திடவில்லை. ஆனாலும் கண்ணிவெடி வணிகம் ஏறக்குறைய நின்றுபோனது.

வல்லரசுத் தலைவர்கள் யாராவது இதை உண்மையாகப் பேசியதுண்டா?

உண்டு. 1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில் ரீகனும் கோர்பச்சேவும் எல்லா அணு ஆயுதங்களையும் ஒழிக்கும் அளவுக்கு நெருங்கி வந்தார்கள். ஏவுகணைகளை விண்வெளியிலிருந்து தடுக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் திட்டம் பற்றிய தகராறில் அது முறிந்தது. 1988 ஜூனில் ராஜீவ் காந்தி 2010-க்குள் முழு ஒழிப்பு என்று காலவரையறையோடு ஒரு திட்டத்தை ஐ.நா.வில் வைத்தார். பத்து ஆண்டு கழித்து இந்தியா மறுபடியும் குண்டு வெடித்தது. அந்தத் திட்டத்தை வல்லரசுகள் அன்று பொருட்படுத்தாததன் விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே நாளில் நடக்காதே. எங்கே தொடங்குவது?

முதல் வேலை, அந்த 2,100 குண்டுகளை உடனடி ஏவும் நிலையிலிருந்து இறக்குவது. எதையும் அழிக்காமலே, தலைவர்களுக்கு நிமிடங்களுக்குப் பதில் நாள்கள் கிடைக்கும். அடுத்தது, முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி. சீனா 1964 முதலே சொல்கிறது, இந்தியாவும் சொல்கிறது, மற்றவர்களும் சொல்லட்டும். பிறகு அமெரிக்காவும் ரஷ்யாவும் உட்கார்ந்து பேச வேண்டும். இருவருக்கும் இடையில் மிஞ்சியிருந்த கடைசி உச்சவரம்பு ஒப்பந்தம் 2026 பிப்ரவரியோடு காலாவதியானது. சீனாவும் 600 குண்டுகளைத் தொட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆக, நேரம் நமக்குச் சாதகமாக இல்லை.

கழற்றிய குண்டுகளை என்ன செய்வது என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. 1993 முதல் 2013 வரை, சுமார் 20,000 ரஷ்யக் குண்டுகளுக்கு இணையான 500 டன் யுரேனியம் நீர்க்கச் செய்யப்பட்டு அமெரிக்க அணுமின் நிலையங்களில் எரிபொருள் ஆனது. அந்தக் காலத்தில் அமெரிக்க மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, ஒருகாலத்தில் அதே நாட்டைக் குறிவைத்த பொருளிலிருந்து வந்தது.

அணுமின் நிலையங்களையும் மூட வேண்டும் என்கிறீர்களா?

அது தனி விவாதம். இந்தக் கோரிக்கையை ஏற்க அதில் ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை. யுரேனியம் செறிவூட்டும் ஆலைகளும் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலைகளும் எந்த நாட்டில் இருந்தாலும் முழுச் சோதனைக்கு உட்பட வேண்டும், அவ்வளவுதான்.

சாதாரண மனிதர் என்ன செய்ய முடியும்?

1989-இல் கஜகஸ்தான் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனோவ் தொலைக்காட்சி நேரலையில் கவிதை வாசிப்பதற்குப் பதில், அங்கிருந்த செமிபலாதின்ஸ்க் என்ற சோவியத் அணு வெடிப்புச் சோதனைக் களத்திலிருந்து கதிர்வீச்சு கசிவதைப் பற்றிப் பேசினார். மக்கள் திரண்டார்கள். நாற்பது ஆண்டுகளில் 456 சோதனைகள் நடந்த அந்தக் களம் 1991 ஆகஸ்ட் 29 அன்று மூடப்பட்டது. ஜப்பானில் குண்டுவீச்சில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடாங்கியோ தங்கள் வடுக்களை உலகுக்குக் காட்டிப் பல பத்தாண்டுகள் பேசியது. 2024-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. பிழைத்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு, சராசரி வயது 86. அவர்களின் சாட்சியங்களைப் பள்ளிகளிலும் கூட்டங்களிலும் இப்போதே வாசிக்கச் செய்யலாம்.

உங்கள் வங்கியோ ஓய்வூதிய நிதியோ அணு ஆயுதம் செய்யும் நிறுவனங்களில் பணம் போட்டிருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். ஐரோப்பாவில் சில பெரிய நிதிகள் இப்படிக் கேட்டதால்தான் விலகின. உங்கள் நகர மன்றம் தடை ஒப்பந்தத்துக்கு ஆதரவுத் தீர்மானம் போட வைக்கலாம். தேர்தல் வந்தால் வேட்பாளரிடம் மூன்று கேள்விகள்: தடை ஒப்பந்தத்தை ஆதரிக்கிறீர்களா? முதலில் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியைச் சட்டமாக்குவீர்களா? அணு ஆயுதத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று நாடாளுமன்றத்தில் கேட்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி, நாலு பேர் பார்க்கும்படி வெளியிடுங்கள்.